ஐகான் தீம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு ஐகான் தீம் (செயலிகளுக்கும் பொத்தான்களுக்குமான சின்னப் படங்களின் தொகுப்பு) வரைந்து, காசு வாங்காமல் ஊருக்கே கொடுக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

2019ஆம் ஆண்டு மே மாதம் க்னோம் என்ற டெஸ்க்டாப்புக்குச் செயலிகளை எழுதுபவர்கள் பலர் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுக் கடிதம் வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் செயலிகள்மேல் தீம் ஏற்றி விநியோகிக்காதீர்கள் என்று லினக்ஸ் விநியோகங்களை (லினக்ஸையும் செயலிகளையும் தொகுத்துத் தருபவர்களை) அதில் கேட்டுக்கொண்டார்கள். தன் சொந்தக் கணினியில் ஒருவர் எதை மாற்றினாலும் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்து தெரியாத பொத்தான், அர்த்தம் மாறிப்போன ஐகான், இதற்கெல்லாம் தாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. 2021 டிசம்பர் கடைசி நாளில் க்னோம் செயலிகளின் தோற்றத்துக்கான நிரல் நூலகமான லிப்அத்வைதா 1.0 வந்தது. அதைக் கொண்டு எழுதிய செயலிகள் நாம் தேர்ந்தெடுக்கும் ஜிடிகே (பொத்தான், மெனு போன்றவற்றை வரையும் நூலகம்) தீமைக் கண்டுகொள்வதே இல்லை. நிறமும் விளிம்பும் மாற்றும் கதவு அத்தோடு பெரும்பாலும் சாத்தப்பட்டது.

ஐகான் தீமுக்கான கதவு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. அதைத் திறந்தே வைத்திருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் படங்களின் அழகில் எங்களுக்குக் குறையே இல்லை. பெயரிலும் அடுக்கிலும் நேரும் பிழைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் பெயர். செயலி கேட்பது ஒரு பெயரை. அந்தப் பெயரில் நீங்கள் வைத்த படம் வருகிறது. பழைய தீம்களில் க்னோமின் கோப்பு மேலாளருக்கு ‘நாட்டிலஸ்’ என்ற பெயரில் ஒரு படம் இருக்கும். ஆனால் அந்தக் கோப்பு மேலாளர் இப்போது கேட்பது ‘ஆர்க்.க்னோம்.நாட்டிலஸ்’ என்ற பெயரை, அதுவும் ‘நா’வுக்குரிய ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக. சின்ன எழுத்தில் வைத்தால் கிடைக்காது. ஃபயர்ஃபாக்ஸ் விநியோகத்தின் பொதியாக வந்தால் ‘ஃபயர்ஃபாக்ஸ்’ என்றே கேட்கும். ஃப்ளாட்பேக்காக (எந்த விநியோகத்திலும் ஓடும் தனிப் பொதியாக) வந்தால் ‘ஆர்க்.மொசில்லா.ஃபயர்ஃபாக்ஸ்’ என்று கேட்கும். ஃப்ளாட்பேக்கில் செயலியின் அடையாளப் பெயரில்தான் ஐகானும் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு படம், அதைச் சுட்டும் இரண்டு மூன்று சிம்லிங்க் (வேறு பெயரில் அதே கோப்பைக் காட்டும் சுட்டி) என்று வையுங்கள். இல்லையென்றால் கீழ்ப்பட்டையில் பத்து ஐகான் உங்கள் பாணியிலும் நான்கு அவரவர் பாணியிலும் நிற்கும். பயனர் உங்களைத்தான் குறை சொல்வார்.

சிம்லிங்க் வைத்த பிறகு பொதியை ஜிப்பாகக் கட்டாதீர்கள். ஜிப் கட்டளை வழக்கமாகச் சுட்டிக்குப் பதில் மூலக் கோப்பின் நகலையே உள்ளே போடும். ‘ஒய்’ என்ற தெரிவைச் சேர்த்தால்தான் சுட்டி சுட்டியாகவே போகும். ஆயிரக்கணக்கான சுட்டிகள் நகல்களானால் பொதி வீணாகப் பருத்துவிடும். டார் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ‘இன்டெக்ஸ்.தீம்’, தீமின் கோப்புறைகளைப் பட்டியலிடும் கோப்பு. எங்கள் கண்ணில் படும் கோளாறுகளில் அதிகமும் இந்த ஒரு சின்னக் கோப்பிலிருந்து வருபவை. ‘டைரக்டரீஸ்’ என்ற வரியில் எழுதாத கோப்புறை, தேடும் நிரலைப் பொறுத்தவரை இல்லாத கோப்புறைதான். 22 பிக்சலுக்கென்று புதுக் கோப்புறை செய்து, அதில் நாற்பது படம் வரைந்து, இந்த வரியில் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டால் நாற்பதும் வீண். பிழைச்செய்தி எதுவும் வராது, படம் மட்டும் வராது. வரியில் சேர்த்த ஒவ்வொரு கோப்புறைக்கும் கீழே தனிப் பகுதி வேண்டும். எஸ்விஜி (எந்த அளவுக்கும் விரியும் படம்) வைத்திருக்கும் கோப்புறை என்றால் அந்தப் பகுதியில் ‘சைஸ்’ 48, ‘டைப்’ ஸ்கேலபிள், ‘மின்சைஸ்’ 8, ‘மேக்ஸ்சைஸ்’ 512 என்று கொடுங்கள். ‘டைப்’பை எழுதாமல் விட்டால் அது த்ரெஷோல்ட் என்று கொள்ளப்படும், சொன்ன அளவிலிருந்து 2 பிக்சல் கூடக் குறைய மட்டுமே அது பொருந்தும். அடர்த்தி மிகுந்த திரைக்கு ‘ஸ்கேல்’ 2 என்று தனிக் கோப்புறை வைத்தால் அங்கேயும் ‘சைஸ்’ 48 என்றே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிஎன்ஜி மட்டும் 96 பிக்சல். ‘சைஸ்’ 96 என்று எழுதிவிட்டால் 48 கேட்கும்போது அந்தப் படம் பொருந்தாது, கூர்மையில்லாத வேறொன்று வந்து உட்காரும்.

அதே கோப்பில் ‘இன்ஹெரிட்ஸ்’ வரி. உங்கள் தீமில் இல்லாத படத்தை எங்கே போய்த் தேடுவது என்பதை இந்த வரி சொல்கிறது. இதை வெறுமையாக விட்டாலும் ஹைகலர் என்ற பொதுத் தீம் தானாகச் சேரும். ஆனால் ஹைகலரில் இருப்பவை பெரும்பாலும் செயலிகள் கொண்டுவந்து வைத்த சொந்த ஐகான்கள்தாம். சேமி, வெட்டு, ஒட்டு போன்ற பொதுச் செயல்களின் படங்கள் அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. எனவே முழுமையான ஒரு தீமைத் தாயாகக் காட்டுங்கள். ப்ளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் பயனர்கள் உங்களுக்கு அதிகம் என்றால் ப்ரீஸ், க்னோம் என்றால் அத்வைதா. அத்வைதாவிலிருந்து பழைய வண்ண ஐகான்கள் பல தனிப் பொதியாகப் பிரிந்து போயிருப்பதால், ‘அத்வைதா இருக்கிறது, போதும்’ என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. உங்கள் தீமின் பெயரையும் விளக்கத்தையும் பயனரின் மொழியில் தரவும் இந்தக் கோப்பில் இடமிருக்கிறது: ‘நேம்’ என்பதை அடுத்துச் சதுர அடைப்புக்குள் ‘டிஏ’ என்ற மொழிக் குறியைப் போட்டு, சமக்குறிக்குப் பின் தமிழ்ப் பெயரை எழுதினால் போதும். ஒரே ஒரு வரி. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பதில் எங்களுக்கு வருத்தம்.

இனி பொருள் மாறிப்போகும் படங்கள். குப்பைத் தொட்டிக்கு இரண்டு பெயர்கள் உண்டு, காலியானது, நிறைந்தது என்று. நேரமில்லை என்பதற்காக இரண்டுக்கும் ஒரே படத்தைச் சுட்டி வைத்த தீம்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதைப் போட்டவருக்குத் தொட்டி எப்போதும் காலியாகவே தெரியும். வட்டு ஏன் நிறைகிறது என்று அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். பேட்டரி இதைவிட மோசம். க்னோம் ஷெல் பேட்டரி அளவைப் பத்துப் பத்தாகக் கீழ்நோக்கி முழுமையாக்கிப் பெயரைக் கேட்கிறது. 0 முதல் 100 வரை 11 படம், சார்ஜ் ஏறும்போது 0 முதல் 90 வரை 10 படம், முழுதாக ஏறியதற்கு 1, ஆக 22. பழைய முறையில் ‘குறைவு’, ‘நிறைவு’ என்று நாலைந்து மட்டும் வரைந்திருந்தால், கேட்ட பெயர் தாய்த் தீமில் கிடைத்து அங்கிருந்து வேறு தடிமனில் ஒரு பேட்டரி வந்து உங்கள் வைஃபை ஐகானுக்குப் பக்கத்தில் நிற்கும். 22ஐயும் வரையுங்கள், அல்லது 22ஐயும் தாயிடமே விட்டுவிடுங்கள். பாதி வரைவது இரண்டையும்விடக் கெடுதல்.

பேட்டரி, வைஃபை எல்லாம் சிம்பாலிக் வகை, அதாவது ஒற்றை நிற ஐகான்கள். பெயர் ‘சிம்பாலிக்’ என்று முடிந்தால் ஜிடிகே உங்கள் நிறத்தை எடுத்துவிட்டு எழுத்தின் நிறத்தைப் பூசும். பூசுவது வடிவத்தின் உட்புறத்துக்கு. இது புரியாமல் வெறும் கோடாக வரைந்த வட்டம், ஜிடிகே 3 செயலிகளில் உட்புறம் நிரம்பி ஒரு கரும்புள்ளியாக நிற்கும். உங்கள் இங்க்ஸ்கேப் வரைகருவியில் வட்டமாகத் தெரிந்தது பயனரின் திரையில் பொட்டாகத் தெரிவது இதனால்தான். அனுப்பும் முன் ‘பாத்’ மெனுவில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்துக் கோட்டை வடிவமாக்கிவிடுங்கள். ப்ளாஸ்மாவில் முறை வேறு: எஸ்விஜிக்குள் ‘கலர்ஸ்கீம்-டெக்ஸ்ட்’ என்ற கிளாஸும், நிரப்பும் நிறம் ‘கரன்ட்கலர்’ என்றும் இருந்தால்தான் வெளிர், அடர் தீம்களுக்கு ஏற்ப நிறம் மாறும். நிறத்தைக் கறுப்பாக எழுதி நிறுத்திவிட்டால் அடர் தீமில் ஐகானே காணாமல் போகும்.

16 பிக்சல் கட்டத்தில் ஒரு பிக்சல் கோட்டின் நடு முழு எண்ணில் விழுந்தால் அது இரண்டு பிக்சலில் பாதிப் பாதியாகப் பரவி, சாம்பல் நிறத்தில் மங்கும். நடு 0.5இல் விழ வேண்டும், 3.5, 7.5 என்று. பெரிய படத்தைச் சுருக்கி 16 ஆக்கினால் இது ஒருபோதும் சரியாக அமையாது. சின்ன அளவுக்குத் தனியாகத்தான் வரைய வேண்டும்.

கேச் (ஐகான்களை விரைவாகத் தேட முன்பே தொகுத்து வைக்கும் கோப்பு) பற்றியும் உங்கள் குறிப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். தீமின் மேல்நிலைக் கோப்புறை கேச்சுக்குப் பிறகு மாறியிருக்கிறதா என்று மட்டுமே ஜிடிகே பார்க்கிறது. உள்கோப்புறையில் புதுப் படம் போட்டால் மேல்நிலையின் தேதி மாறாது, அதனால் பழைய கேச்சே செல்லும். ‘ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேச்’ கட்டளையை ‘எஃப்’ தெரிவோடு தீம் கோப்புறைமேல் ஓட்டச் சொல்லுங்கள். ப்ளாஸ்மாவில் வீட்டுக் கோப்புறையின் ‘.கேச்’ உள்ளே இருக்கும் ‘ஐகான்-கேச்.கேகேச்’ கோப்பை அழித்து மறுபடி உள்நுழைந்தால் சரியாகும். உங்கள் கணினியில் உருவான கேச் கோப்பைப் பொதிக்குள் வைத்து அனுப்பவே வேண்டாம்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் எங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜிடிகே 4 உடன் வரும் ஐகான் பிரவுசரைத் திறந்து உங்கள் தீமோடு ஒரு முறை முழுக்க உருட்டிப் பாருங்கள். பிறகு வெளிர், அடர் இரண்டிலும் மாற்றிப் பாருங்கள். குப்பைத் தொட்டியில் ஒரு கோப்பைப் போடுங்கள், சார்ஜரைப் பிடுங்கிச் செருகுங்கள், ஒரு செயலியை ஃப்ளாட்பேக்காக நிறுவிக் கீழ்ப்பட்டையில் வையுங்கள். எங்கே கண் உறுத்துகிறதோ அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைய நேரமில்லாத பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டால், அவற்றை வரைந்து அனுப்ப நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஐகான்களைத் தினமும் பயன்படுத்தும் நாங்கள்