சாரா வின்செஸ்டரின் படிக்கட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பேய் மாளிகைக் கட்டுரையைப் படித்தேன். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தில் இருக்கிற வின்செஸ்டர் வீட்டைப் பற்றியது. துப்பாக்கி கம்பெனிக்காரரின் விதவை சாரா வின்செஸ்டர், அந்தத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து 38 வருஷம் இரவு பகலாக வீட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார், ஆவிகளுக்கு வழி தெரியக்கூடாது என்பதற்காக எங்கேயும் போகாத படிக்கட்டும், திறந்தால் கீழே விழ வேண்டிய கதவும் வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் நான் நடந்திருக்கிறேன், திரும்பி வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தும் இருக்கிறேன். இறந்து நூறு வருஷம் ஆன ஒரு பெண்ணை இன்னமும் பைத்தியக்காரியாகவே காட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் அந்தப் பக்கம் இருப்பதால் போயிருந்தபோது ஒருநாள் டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போனாள். சுமார் 160 அறைகள். கதவு 2,000 என்கிறார்கள், ஜன்னல் 10,000, படிக்கட்டு 47, சமையலறை 6. வழிகாட்டி இல்லாமல் எங்களை உள்ளே விடவில்லை, விட்டிருந்தாலும் வெளியே வருவது கஷ்டம்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வீட்டில் எல்லோரும் படம் பிடிக்கிற ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஏழு தடவை வளைந்து வளைந்து 44 படி ஏறினால் மொத்தம் ஏறியிருப்பது வெறும் ஒன்பது அடி. ஒரு படியின் உயரம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒன்பது அடிக்கு நாங்கள் போடுவது பதினைந்து, பதினாறு படி. இதைப் பார்த்து ஆவிகளைக் குழப்பக் கட்டியது என்று ஊர் பேசியிருக்கிறது. சாரா அம்மையாருக்குக் கடுமையான மூட்டுவாதம். கையும் காலும் வீங்கி, சாதாரணப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் போன ஒருவர், கையில் பணமும் இருந்தால் என்ன செய்வார்? காலைத் தூக்காமலே ஏறுகிற மாதிரி படி கட்டச் சொல்வார். எனக்கும் முழங்கால் தேய்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த 44 படியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். ஏறும்போதே புரிந்துவிட்டது, இதை வலி தெரிந்த ஒருவர்தான் யோசித்திருக்க முடியும். படியின் உயரத்தைக் குறைத்தால் படிக்கட்டின் நீளம் கூடும், நீளம் கூடினால் இடத்துக்காக மடித்து மடித்துத்தான் போட வேண்டும். அதில் மர்மம் எதுவும் இல்லை, கணக்குதான்.

அப்புறம் கூரையில் போய் முட்டுகிற படிக்கட்டு, மேல் மாடியில் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. இவற்றைப் பற்றி எழுதும்போது 1906-ஐச் சொல்லாமல் விட்டால் எப்படி? அந்த வருஷம் ஏப்ரல் 18 விடியற்காலையில் சான் பிரான்சிஸ்கோவை அழித்த பூகம்பம் சான் ஹோசேயையும் ஆட்டியது. இந்த வீட்டுக்கு அதற்கு முன்னால் ஏழு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம் இருந்தது. அது சரிந்து விழுந்தது, மேல்தளங்கள் பலதும் உடைந்தன. அவர் அவற்றைத் திரும்ப எழுப்பவில்லை. இடிந்ததை அப்புறப்படுத்தி, மிச்சத்தின் மேல் கூரையை மூடினார்கள். இடிந்த பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த படிக்கட்டு அப்படியே நின்றுபோனது, போய்ச்சேர அறை இல்லாத கதவும் நின்றுபோனது. சாராவின் வாழ்க்கை வரலாற்றை ஆவணங்களை வைத்து ஆராய்ந்து எழுதியவர்கள் சொல்வதும் இதைத்தான். பாதி இடித்த கட்டடத்தில் வேலை பார்த்த எந்த மேஸ்திரியும் இதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். பூகம்பத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் அதிகம் தங்கவும் இல்லை, வேறு வீடுகளில்தான் பெரும்பாலும் இருந்திருக்கிறார். 38 வருஷம் இடைவிடாமல் கட்டினார் என்ற கதை இந்த ஒரு இடத்திலேயே உடைந்து போகிறது.

அதற்கு முன்னாலும் சுத்தியல் சத்தம் ஓயாமல் கேட்டது என்பதும் நிஜமில்லை. 1898-இல் நாத்தனாருக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டு ஓய்வெடுத்ததை அவரே அதில் எழுதியிருக்கிறார். சின்னதாக ஓர் அறையைச் சேர்த்து இழுத்தோம், அதனால் மாடி நடை இருட்டாகிவிட்டது, ஆட்கள் படியில் கால் தவறுகிறார்கள், ஆகவே அதையும் மாற்ற வேண்டியதாயிற்று என்கிற மாதிரி ஒரு புலம்பலும் அதில் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு என்னமோ தெரிந்தவர் ஒருவர் பேசுவது போலவே இருந்தது. பிளான் போட்டு ஒரே மூச்சில் கட்டாமல், தேவைப்படும்போதெல்லாம் இழுத்து இழுத்துக் கட்டிய வீடு எல்லாமே இப்படித்தான் ஆகும். வெளியே இருந்த ஜன்னல் உள்ளே வந்துவிடும், முன்வாசல் நடு வீட்டில் நிற்கும். வீட்டுக்குள்ளேயே ஜன்னல் இருக்கிறது, ஆவி எட்டிப்பார்க்கவா என்று கேட்டிருந்தது உங்கள் கட்டுரை. வெளிச்சத்துக்கு, ஐயா. நடுவில் மாட்டிக்கொண்ட அறைகளுக்கு வெளிச்சம் வர வேறு வழி இல்லை.

அவர் எப்படி அங்கே வந்தார் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் அது இரண்டே வரிதான். கிழக்குக் கரையில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன்காரர். 1862-இல் வில்லியம் வின்செஸ்டருடன் கல்யாணம். 1866-இல் ஒரு பெண் குழந்தை, ஆனி. குடித்த பால் உடம்பில் ஒட்டாமல் மெலிந்து மெலிந்து ஆறு வாரத்துக்குள் போய்விட்டது. அப்புறம் குழந்தையே இல்லை. 1880-இல் தாய் இறந்தார், அதே வருஷக் கடைசியில் மாமனார், 1881 மார்ச்சில் காசநோயில் கணவர். ஒரு வருஷத்துக்குள் மூன்று சாவு. இதைத் தாங்கிக்கொண்டு நின்ற பெண், சகோதரிகளோடு மேற்கே வந்து, 1886-இல் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் எட்டு அறை கொண்ட ஒரு பண்ணை வீட்டைத் தோட்டத்தோடு வாங்கினார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது பிளம், ஆப்ரிகாட் தோட்டம். அவரும் விளைவித்தார், உலர்த்தி விற்றார். பாஸ்டனில் ஒரு குறிசொல்கிற ஆள், மேற்கே போய் வீடு கட்டு, நிறுத்தினால் செத்துவிடுவாய் என்று சொன்னதாக எல்லோரும் எழுதுகிறார்களே, அதற்கு அவர் கைப்பட ஒரு வரி ஆதாரமும் இல்லை.

துப்பாக்கியால் செத்தவர்கள் நிஜம், அதை நான் மறுக்கவே மாட்டேன். வின்செஸ்டர் ரைஃபிள், குறிப்பாக 1873 மாடல், அமெரிக்காவின் மேற்கை வென்ற துப்பாக்கி என்றே பெயர் வாங்கியது. வென்றது என்றால் யாரிடமிருந்து என்று யோசித்தால் வயிறு கலங்கும். ஆனால் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் மாமனார் ஆலிவர். பிற்பாடு தலைவராக இருந்து நடத்தியவர் நாத்தனாரின் கணவர். அவர்கள் கட்டிய வீடுகளில் எந்த ஆவியும் உலாவியதாக ஒருவரும் சொல்லவில்லை. செய்தவர்கள், விற்றவர்கள், வாங்கிச் சுட்டவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அத்தனை ஆவியையும் பங்குப் பணம் வந்த ஒரு கைம்பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தனியாக இருக்கிறாள், பணம் இருக்கிறது, யார் வீட்டுக்கும் போவதில்லை, தன் இஷ்டத்துக்கு வீடு கட்டுகிறாள். ஒரு ஆண் இதையே செய்தால் ரசனைக்காரர் என்பார்கள்.

இன்னொன்று, இதைக் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். இந்தக் கதையைப் பரப்பியதில் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. 1895-இலேயே, அவர் உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்போதே, வீடு முடிந்தால் தான் இறந்துவிடுவோம் என்ற மூடநம்பிக்கையில் கட்டுகிறார் என்று சான் ஹோசே பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. அவர் பேட்டி கொடுக்கிறவரும் இல்லை, மறுப்பு எழுதுகிறவரும் இல்லை. பேசாமல் இருந்ததையே சாட்சியாக்கிவிட்டார்கள். 1922 செப்டம்பரில் தூக்கத்தில் இறந்துபோனார். மறுவருஷமே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் போட்டுக் காட்ட ஆரம்பித்தவர் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைத்தவர். 1924-இல் மாயவித்தைக்காரர் ஹூடினி வந்து பார்த்தார், அது இன்னும் பெரிய விளம்பரம். அதிலிருந்து ஒவ்வொரு வழிகாட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 13 என்ற எண், நடுராத்திரி மணி, ஆவியோடு பேசும் அறை என்று வளர்ந்துகொண்டே போனது.

அந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லையா, நிழல் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். நிலவறையில் தள்ளுவண்டியோடு ஒரு வேலைக்காரர் தெரிகிறார் என்று எங்களுக்கும் சொன்னார்கள். பார்த்தேன் என்கிறவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் முழுக்க மரத்தால் ஆன அவ்வளவு பெரிய கூடு, பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கினால் முனகாமல் என்ன செய்யும்? பழைய வீடுகளைப் பற்றி எனக்கு மறக்காத ஒரு விஷயம் உண்டு. 1921-இல் வில்மர் என்ற கண் மருத்துவர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை எழுதினார். பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனார்கள், காலடிச் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், தலைவலி. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை கெட்டுப்போய்ப் புகை வெளியே போகாமல் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறைந்திருந்தது. உலையைச் சரிசெய்ததும் எல்லாம் போய்விட்டது. வின்செஸ்டர் வீட்டில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. பேய் என்று எழுதிவிட்டால் உலையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்ற இடம் செடிகள் வளர்த்த கண்ணாடிக் கூடம். அதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. மரத்தரையின் பலகையைத் தூக்கினால் அடியில் துத்தநாகத் தகடு. செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் தகட்டில் வழிந்து, குழாய் வழியாகக் கீழே தோட்டத்துக்குப் போய்விடும். தண்ணீரும் வீணாகாது, மரமும் உளுத்துப்போகாது. துணி துவைக்கும் தொட்டியிலேயே தேய்க்கிற பலகையை வார்த்து வைத்திருக்கிறார். லிஃப்ட், வெந்நீர்க் குழாய், எந்த அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று வேலையாளுக்குக் காட்டும் அழைப்புமணிப் பலகை, எல்லாம் அந்தக் காலத்தில். கட்டடம் கட்டும் படிப்பு பெண்களுக்கு எளிதில் கிடைக்காத நாளில், கட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் இடித்து, மறுபடி கட்டி அவர் தானாகவே கற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கற்றுக்கொள்கிறவர் கையில் ஒழுங்கான வீடு வராது. தப்பும் சரியும் அடுத்தடுத்து நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் அவர் செலவழித்த டாலர் கணக்கெல்லாம் இருந்தது. கணவரைக் கொண்டுபோன காசநோய்க்கு வைத்தியம் பார்க்க அவர் நியூ ஹேவன் மருத்துவமனைக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார். அந்தப் பணத்தில் எழுந்த காசநோய் மருத்துவமனை 1918-இல் திறக்கப்பட்டது. கணவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்த ஊரில் நுரையீரல் நோய்க்கான பிரிவு இன்றைக்கும் வின்செஸ்டர் என்ற பெயரில் இருக்கிறது. சுருக்கமாக வேண்டுமானால் போடுங்கள், படிக்கட்டு பற்றிய பத்தியையும் இதையும் மட்டும் வெட்டாமல் போட்டால் போதும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர், உங்கள் நீண்ட நாள் வாசகர்