பாலத்தை உடைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் 'நகரப் போர்' கட்டுரையில் ஒரு வரி: "எச்சரிக்கைக்குப் பிறகும் ஊரைவிட்டுக் கிளம்பாத பொதுமக்களால்தான் இழப்பு கூடியது." எழுதியவர் ராணுவ நிபுணராம். சரி, இருக்கட்டும். நான் ஈரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். 2022-ல் என் மகள் உக்ரைனில், கார்கிவ் நகரத்தில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி நடுவில், அவசியம் இல்லாதவர்கள் தற்காலிகமாகக் கிளம்பலாம் என்று தூதரகம் சொன்னது. கிளம்ப'லாம்'! கல்லூரியோ, அட்டெண்டன்ஸ் போய்விடும் என்றது. வட்டிக்கு வாங்கி 28-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டோம். 24-ஆம் தேதி விடிவதற்குள் ரஷ்யாவின் குண்டு விழுந்து விமானமே நின்றுவிட்டது. அந்த டிக்கெட் பணம் இன்னும் வந்தபாடில்லை, அது தனிக் கதை.

ஆறு ராத்திரி மெட்ரோ ஸ்டேஷனில், ஓடாத எஸ்கலேட்டர் படியில் படுத்திருந்தாள். பக்கத்துப் படியில் கூடையில் பூனையோடு ஒரு பாட்டி. மார்ச் 1-ல் சாப்பாட்டுப் பொருள் வாங்கப் போன கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். மறுநாள் தூதரகத்திலிருந்து உத்தரவு வந்தது: வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை 6 மணிக்குள் பக்கத்து ஊர்களான பிசோச்சினுக்கோ பாபாயிக்கோ போய்ச் சேருங்கள். 11 கிலோமீட்டர் பனியில் நடந்தாள். அந்தப் பாட்டி எப்படி நடப்பார்?

இன்னொரு உக்ரைன் நகரமான மரியுபோலில் மார்ச் 5-ல் ஜனம் வெளியேற வழி திறந்தாயிற்று என்றார்கள், ஷெல் அடிப்பது நிற்கவில்லை, ஜனம் போக முடியவில்லை. நாடக அரங்கின் வெளியே தரையில் 'குழந்தைகள்' என்று வானத்திலிருந்து தெரியும்படி எழுதியிருந்தும் 16-ஆம் தேதி குண்டு போட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நீங்களே அட்டைப்படக் கட்டுரை போட்டவர்கள்தானே.

அந்த அட்டைப்பட இதழில்தான் 'நீட் தேறாதவர்கள் உக்ரைனுக்கு ஓடுகிறார்கள்' என்றும் எழுதினீர்கள். நீட் தேறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க முடியாது என்பது 2018 முதல் விதி. என் மகள் தேறினாள். அரசு சீட் கிடைக்கவில்லை, தனியார் கல்லூரி கேட்ட தொகைக்கு என் கடையை இரண்டு முறை விற்க வேண்டும். அப்போது எழுதிய கடிதம் 'இடமின்மையால்' வரவில்லை. 1996 முதல் சந்தாதாரன், பொறுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். சென்ற இதழ்க் கட்டுரையோடு வந்த, தலைநகர் கீவை ஒட்டிய இர்பின் ஊர்ப் பாலத்துப் படத்தின் கீழே 'ரஷ்யா தகர்த்த பாலம்' என்று இருக்கிறது. அதை உடைத்தது உக்ரைன் ராணுவம், டாங்கிகள் கீவுக்குள் வரக் கூடாது என்று. தலைநகரம் பிழைத்தது. இர்பின் ஜனங்கள் அந்த உடைந்த பாலத்தின் அடியில், தண்ணீருக்கு மேல் போட்ட பலகையில், வயசானவர்களைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். போர்த் தந்திரம் பற்றி எழுதுகிறவர் எழுத வேண்டியது இதைத்தான்.

ஒரு வரித் திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஈரோடு வாசகர்