மறைந்த பயிற்சியாளர் நினைவாகத் திடலையும் மலைப்பாதையையும் பராமரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறைந்த பயிற்சியாளரின் பிள்ளைகள், அவரிடம் பயிற்சி பெற்ற மாணவர்கள், பெற்றோர்கள்

பெறுநர்:
விளையாட்டு மேம்பாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: முன்னாள் படைவீரரும் சிறுவர் தடகளப் பயிற்சியாளருமான எங்கள் மாஸ்டரின் நினைவாக, அவர் பேணிவந்த ஓடுதளம், மணல்குழி, மலைப்பாதை ஆகியவற்றின் பராமரிப்பை அலுவலகம் ஏற்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களில் சிலருக்கு அவர் அப்பா. மற்ற எல்லோருக்கும் மாஸ்டர். படையின் பொறியாளர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் திடல், விடுமுறை நாளில் மலை என்றே இருந்தார். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கியதில்லை. அவர் பெயரைத் திடலுக்கு வைக்கலாம், வாசலில் பெயர்ப்பலகை நிறுவலாம் என்ற பேச்சு நடப்பதை அறிந்து மனம் நெகிழ்ந்தோம். அந்தப் பெயருக்கு ஏற்றபடி திடல் இருக்க வேண்டும் என்பதே இம்மனுவின் வேண்டுகோள். இத்தனை காலமும் அவர் ஒருவர் கையால் நடந்த வேலைகளை இனி அலுவலகம் முறையாக ஏற்க வேண்டும்.

முதலில் ஓடுதளம். 400 மீட்டர் தளத்தின் உயிர் அதன் இரண்டு மைய முளைகளில், அதாவது இரு அரைவட்ட வளைவுகளின் மையத்தில் அடித்த முளைகளில், இருக்கிறது. இரு முளைகளுக்கும் இடையே 84.39 மீட்டர், நேர்ப்பகுதியின் நீளமும் அதுவே. வளைவில் ஓட்டக்கோட்டின் (பிள்ளை ஓடுவதாகக் கொண்டு தூரத்தை அளக்கும் கற்பனைக் கோட்டின்) ஆரம் 36.80 மீட்டர். இரண்டு நேர்ப்பகுதியும் இரண்டு அரைவட்டமும் சேர்ந்தால் சரியாக 400. இந்த முளைகள் தொலைந்தால் எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் அது வெறும் கோடுதான். திடலைச் சமப்படுத்த வந்த இயந்திரம் தெற்கு முளையைப் பெயர்த்துவிட்டது. அதன் பிறகு கண்மதிப்பில்தான் கோடு விழுகிறது.

இங்கே வழக்கமாக நேரும் ஒரு பிழையைக் குறிப்பிட்டாக வேண்டும். உள்விளிம்பில் உயர்ந்த கட்டை உள்ள தளத்தில் ஓட்டக்கோட்டை அந்தக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், அதனால் கட்டையின் ஆரம் 36.50. நம் திடலில் கட்டை கிடையாது, வெள்ளைக் கோடு மட்டுமே. கோட்டிலிருந்து 20 செ.மீ. தான் தள்ளி அளக்க வேண்டும் என்பதால் உள்கோட்டை 36.60 மீட்டரில் போட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து 36.50இல் போட்டால் முதல் தடத்தில் ஓடும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 63 செ.மீ. குறைவாக ஓடும். ஸ்டேகரும், அதாவது வெளித்தடங்களுக்குத் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போடும் தூரமும், அப்படியே. தடத்தின் அகலம் 1.22 மீட்டராக இருக்கும்போது, கட்டை உள்ள தளத்தில் இரண்டாம் தடத்துக்கு 7.04 மீட்டர், அடுத்தடுத்த தடங்களுக்கு 7.67 கூட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டை இல்லாத நம் தளத்தில் இரண்டாம் தடத்துக்கும் 7.67 தான். இங்கே 7.04 போட்டால் அந்தத் தடத்துப் பிள்ளை 63 செ.மீ. கூடுதலாக ஓடித் தோற்கும். அரை மீட்டரில் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துபோகும் வயது அது. மாஸ்டர் இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அவருடைய எஃகு டேப்பின் முனைவளையம் தேய்ந்திருந்தது. அதனால் எப்போதும் 1 மீட்டர் குறியை முளையில் வைத்து அளந்து, வந்த அளவில் ஒன்றைக் கழிப்பார். துணி டேப்பை அவர் தொடமாட்டார். இழுத்துப் பிடிக்கும்போது அது நீண்டுவிடும். நேர்ப்பகுதிகளின் நான்கு முனைகளையும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்ப்பார். 84.39க்கு 73.20 என்ற செவ்வகத்தில் இரண்டும் சமமாக, சுமார் 111.71 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் அன்று கோடு கிடையாது, பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடி அளப்பார். கோடு போடச் சாக்கட்டித் தூள் மட்டுமே. சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கலாம். நீற்றியதோ நீற்றாததோ, வியர்வையில் பட்டால் தோலைப் பொசுக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. அண்மையில் திடலில் சுண்ணாம்பு போடப்பட்டிருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டுகிறோம்.

முளைகளைப் பொறுத்தவரை நாங்கள் கேட்பது இது: இரும்புக் குழாயைக் காங்கிரீட்டில் பதித்து, தலை தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்து, மேலே மூடி போட வேண்டும். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இயந்திரமும் பெயர்க்கும், பிள்ளைகளின் காலும் இடறும். வேலி ஓரத்தில் இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து ஒவ்வொரு முளைக்கும் உள்ள தூரத்தை எழுதி அலுவலகக் கோப்பில் வைத்தால், நாளை முளை போனாலும் இடம் போகாது.

அடுத்து நீளம் தாண்டும் குழி. இதுதான் இப்போது அவசரம். பழைய மணலின் மேல் கழுவாத மண் கொட்டப்பட்டிருக்கிறது. மழை பெய்து வெயில் அடித்ததும் அது ஓடு போல இறுகிவிடுகிறது. இறங்கும் பிள்ளையின் குதிகாலும் கணுக்காலும்தான் அதன் விலையைக் கொடுக்கின்றன. குழிக்கு வேண்டியது கழுவிய மணல்: பருக்கை 2 மி.மீ.க்கு மேல் கூடாது, 0.2 மி.மீ.க்குக் கீழான நுண்தூள் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இலைதழை மக்கு கலந்திருக்கக் கூடாது. ஒரு பிடி மணலை நனைத்து உருட்டிப் பாருங்கள். காய்ந்தபின்னும் உருண்டை உதிராமல் நின்றால் அந்த மணல் வேண்டாம். 8 மீட்டர் நீளம், 2.75 மீட்டர் அகலம், 40 செ.மீ. ஆழத்துக்கு 8.8 கன மீட்டர் மணல் பிடிக்கும். அடியில் சரளை பரப்பித் தண்ணீர் வெளியேற வழி செய்யாவிட்டால் நல்ல மணலும் சேறாகும். தாண்டுவதற்குக் கால் ஊன்றும் டேக் ஆஃப் பலகை குழியின் விளிம்பிலிருந்து 2 மீட்டரில் இருந்தால், பலகையிலிருந்து குழியின் கடைசிவரை விதிப்படி தேவைப்படும் 10 மீட்டர் கிடைக்கும்.

மணலைக் கொட்டிவிட்டுப் போனால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் மண்வெட்டியால் கிளறி, கல்லும் கண்ணாடியும் பொறுக்கி, லேசாக நனைத்து, பலகை மட்டத்துக்குச் சமன் செய்ய வேண்டும். பயிற்சி முடிந்ததும் தார்ப்பாய் போட வேண்டும். மூடாத குழியை நாயும் பூனையும் கழிப்பிடமாக்கிவிடும்.

மலைப்பாதைக்குச் செலவு குறைவு. மாஸ்டர் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போன அந்தப் பாதையில் மழைநீரைத் திருப்பக் குறுக்கே கற்கள் பதித்திருக்கிறார். அவை பாதைக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நேர்க்குறுக்காக வைத்தால் வண்டல் தேங்கி, தண்ணீர் கல்லைத் தாண்டிப் பாதையின் மேலேயே ஓடும். சாய்வாக வைத்தால் வண்டலையும் அடித்துக்கொண்டு ஓரத்தில் இறங்கிவிடும். மழைக்காலத்துக்கு முன் அந்த ஓர வாய்களைத் தூர்வாரினாலே பாதை நிற்கும். பாறைகளில் உள்ள வண்ணக் குறிகளை இரண்டு பக்கமும் புதுப்பிக்க வேண்டும். ஏறும் பக்கம் மட்டும் குறி இருந்தால் இறங்கும்போது கிளைப்பாதையில் வழி தவறும்.

பெயர்ப்பலகை வைக்கும்போது, பெயருக்குக் கீழே அவர் கடைப்பிடித்த விதிகளையும் எழுத வேண்டுகிறோம்: குண்டு எறிவோர் எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போக வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் திடலைவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே திரும்ப வேண்டும். மலையில் முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர், எல்லோருக்கும் மெதுவாக நடக்கும் பிள்ளையின் வேகம்.

இந்த வேலைகளுக்கு ஒரு பகுதிநேரப் பராமரிப்பாளரை நியமிக்குமாறும், அவர் கோடு போடப் பழகும்வரை மாஸ்டரிடம் பயின்ற மூத்த மாணவர்கள் உடனிருக்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். மாஸ்டரின் எஃகு டேப், கோடு போடும் வண்டி, தார்ப்பாய் ஆகியவற்றைத் திடலுக்கே கொடுக்கக் குடும்பத்தினர் சம்மதித்துள்ளனர். பூட்டு வசதியுள்ள ஓர் அறை மட்டும் தேவை. தாங்கள் பொறியாளருடன் ஏதேனும் ஒரு காலை நேரில் வந்தால், தெற்கு முளை இருந்த இடத்தை வடக்கு முளையிலிருந்து அளந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிள்ளைகள், மாணவர்கள், பெற்றோர்கள்

இணைப்பு: ஓடுதள அளவு வரைபடம், மணல்குழியின் குறுக்குவெட்டுப் படம், மலைப்பாதையில் தூர்வார வேண்டிய இடங்களின் பட்டியல், கையொப்பத் தாள்கள்.