துறை கட்டுவதற்கு முன் நேரத்தைக் கட்டுங்கள்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கும், சுற்றுலாத் துறைக்கும், களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் துறைமுகத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2025 மே 2ஆம் தேதி கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபின், குளச்சலிலோ முட்டத்திலோ குமரிமுனையிலோ சொகுசுக் கப்பல் வந்து நிற்க நமக்கும் ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. கப்பலில் வருபவர்களைக் கரையில் வரவேற்று, சுற்றிக்காட்டி, புறப்படும் நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். துறை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விழிஞ்ஞத்தில் என்றைக்காவது ஒரு பயணிக் கப்பல் வந்து நின்றால், அந்த ஒரு பகலை நம் மாவட்டம் தாங்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்வோம். இன்றைய நிலையில் தாங்காது. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் துறை விஷயம். மேற்கே திறந்து கிடக்கும் நம் கரையில் பெரிய கப்பல் வந்தால் வெளியே நங்கூரம் போடும். ஆட்களை அதன் சிறு படகுகளில் இறக்க வேண்டும். இதை டெண்டர் என்பார்கள். பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகளே இந்த வேலையைச் செய்யும். படகுக்கு 100 பேர், 4 படகு, போய்வர 40 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 600 பேர். 2,000 பேர் கரையேற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப அதே அளவு. இதெல்லாம் கடல் அமைதியாக இருந்தால். அலையேற்றம் ஒரு மீட்டரைத் தாண்டினாலே கப்பலின் தலைவரான மாஸ்டர் யோசிப்பார். படகின் விளிம்பும் மேடையின் விளிம்பும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கும்போது, நடுவில் கால் வைக்கப்போவது எழுபது வயதுக்காரர்.

தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா என்று ஒரு தீவு. நெப்போலியன் 1815 முதல் சாகும்வரை சிறையிருந்த இடம். அதன் ஜேம்ஸ்டவுன் கரையில் இறங்கும் படிக்கட்டின் மேல் கயிறுகள் தொங்கும். அலை படகைத் தூக்கும் கணத்தில் கயிற்றைப் பிடித்துப் படியில் கால் வைக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் யாரும் இறங்க முடியாது, கப்பல் தீவைக் காட்டிவிட்டுப் போய்விடும். நம் ஊரில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கழகப் படகே கடல் சற்று உள்வாங்கினாலோ சீறினாலோ நிறுத்தப்படுவது உங்களுக்குத் தெரியும். அது போவது கூப்பிடு தூரம். அதையே நிறுத்தும் கடலில், ஓராண்டுக்கு முன்பே தேதி குறிக்கும் கப்பல் நிறுவனம் நம்பி வராது. கள்ளக்கடல் வேறு இருக்கிறது. காற்றில்லாமல், மழையில்லாமல், எங்கோ தெற்கே கிளம்பிய அலை வந்து ஏறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல்தான்.

நார்வேயின் கெய்ராங்கரில் 2013 முதல் ‘சீவாக்’ என்று ஒரு மிதவை நடைபாதை இருக்கிறது. கப்பல் நின்றதும் அது நீண்டு போய் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆட்கள் நடந்தே கரைக்கு வருவார்கள். படத்தைக் காட்டி இங்கேயும் போடலாம் என்பவர்கள் உண்டு. அது மலைகள் சூழ்ந்த குறுகிய உள்கடல். குளச்சல் அப்படி இல்லை.

நாம் பார்க்க வேண்டிய ஊர் வியட்நாமில் இருக்கிறது. சான் மே. சரக்குத் துறைமுகம், சுற்றிலும் பெரிய ஊர் கிடையாது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணத்தில் ஹுவே, பழைய அரச நகரம். அந்த அரண்மனையைப் பார்க்கக் கப்பல் பயணிகள் சான் மேயில் இறங்குகிறார்கள். விழிஞ்ஞத்திலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை 45 முதல் 50 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேமுக்கால் மணி. ஏறத்தாழ அதே கணக்கு. விழிஞ்ஞம் சரக்குப் பெட்டிகளை (கன்டெய்னர்) கையாளும் பெட்டித் துறைமுகம் என்பதும் தடையாகாது. ஓமனின் சலாலாவும் பெட்டித் துறைமுகம்தான். பயணிகள் அதற்குள் நடக்கக்கூடாது, கப்பலடியிலிருந்து வாசல்வரை துறைமுகப் பேருந்தில்தான் வர வேண்டும். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உலகத் துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு சரக்குத் துறைமுகங்களில் பெரும்பாலும் இதே நிலைதான். நம் சுற்றுலாப் பேருந்து உள்ளே போக அனுமதி உண்டா, வாசலிலேயே நின்றுவிடுமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வாசலில் வண்டி மாறினால் ஒரு பேருந்துக்கு 15 நிமிடம் போகும்.

இனி அந்தப் பகல். காலை 8 மணிக்குக் கப்பல் துறையில் வந்து நிற்கிறது, மாலை 5 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்று வையுங்கள். ஒன்பது மணி நேரம் என்று துள்ள வேண்டாம். குடியுரிமை, சுங்கம், சுகாதாரம் முடிய ஒரு மணி நேரம். அதுவும் கப்பல் மும்பையிலோ கொச்சியிலோ சோதனையை முடித்துவிட்டு வந்தால்தான். கொழும்பிலிருந்து நேரே வந்தால் விழிஞ்ஞமே முதல் இந்தியத் துறை, ஒவ்வொரு கடவுச்சீட்டாகப் புரட்டியே முற்பகல் போய்விடும். ஆகவே கப்பல் நிறுவனங்களை அழைக்கும்போது கொச்சிக்கு அடுத்த நாளைக் கேளுங்கள், அது ஓர் இரவுப் பயணம்தான். முதல் பேருந்து 9 மணிக்குக் கிளம்பினால் பத்மநாபபுரத்தில் 10.45. மாலையில் கப்பலடியில் 4 மணிக்கு இருக்க வேண்டும், தாமதத்துக்கென்று ஒரு மணி நேரம் கையிருப்பு. அப்படியானால் அரண்மனை இருக்கும் தக்கலையை விட்டு 2.15க்குக் கிளம்பியாக வேண்டும். மிச்சம் மூன்றரை மணி நேரம், அதில் சாப்பாடும் அடக்கம். கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலா என்றால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். ஆனால் காத்திருந்த கப்பல் அடுத்த ஆண்டு வராது.

கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகலாமே என்பீர்கள். கூடாது. விழிஞ்ஞத்திலிருந்து பெரிய பேருந்துக்கு ஒரு வழிக்கே இரண்டரை மணி ஆகும். முக்கடலைப் பார்க்க இரண்டு மணி நேரமே மிஞ்சும், படகு வரிசை அதையும் விழுங்கும். கப்பல் வரும் நவம்பர் முதல் மார்ச்வரையில்தான் ஐயப்ப பக்தர் கூட்டமும் வருகிறது. 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் 133 அடி வள்ளுவரையும் காட்ட ஆசை எங்களுக்கும் உண்டு. இந்த நேரக் கணக்குக்குள் அது அடங்காது.

அரண்மனையில்தான் கணக்கு நுணுக்கமாகிறது. 1956 நவம்பரில் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே தங்கிவிட்டது. இருப்பது நம் மண்ணில், நடப்பது அவர்கள் நாள்காட்டியில். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் 1 முதல் 2 மணிவரை அடைப்பு. இரண்டு மணிக்குத் திறந்து பயனில்லை, 2.15க்கு நாம் கிளம்ப வேண்டும். ஆக 10.45 முதல் 1 மணிவரைதான் நம் நேரம். நுழைவு மண்டபமான பூமுகத்திலிருந்து ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி செங்குத்து, குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். 40 பேர் ஏறி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பேருந்துக்கு 20 நிமிட இடைவெளி விட்டால் 10.45, 11.05, 11.25, 11.45, 12.05 என்று ஐந்து பேருந்து. ஆளுக்கு 55 நிமிடம். 200 பேர், அதற்கு மேல் ஒருவரும் கூடாது. எட்டுப் பேருந்தை விட்டால் ஆறாவது, ஏழாவது வண்டிக்காரர்கள் பாதியில் வெளியேற வேண்டும், எட்டாவது வண்டிக்காரர்கள் அடைத்த கதவைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஐந்துக்கு மேற்பட்ட பேருந்துகளைச் சிதறாலுக்கும் உதயகிரிக்கும் திருப்புங்கள். சிதறால் சமணச் சிற்பங்கள் முதலில், உதயகிரி பிறகு. பன்னிரண்டு மணிக்கு மேல் சிதறால் பாறையில் ஏற்றினால் மயங்கி விழுவார்கள். உதயகிரிக் கோட்டையின் மதிப்பு நமக்கே முழுதாகத் தெரியவில்லை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவனான டச்சுப் படை அதிகாரி டி லன்னாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. கல்லில் தமிழும் லத்தீனும். ஐரோப்பியப் பயணி அரண்மனையைவிட இங்கே நின்று அதிக நேரம் கேள்வி கேட்பார். திங்கட்கிழமைக் கப்பலுக்கு இந்த இரண்டு இடம் மட்டுமே திட்டமாக இருக்கட்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சேர்க்கலாம். 115 அடி உயரத்தில் நடந்துவிட்டு அதே வழியில் திரும்பட்டும். ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுக்கு முதியவர்களை விட்டால் ஏற்றிக்கொண்டு வர அரை மணி நேரம்.

சின்ன விஷயங்கள்தான் நாளைக் கெடுக்கும். அரண்மனை வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சு இல்லையென்றால் நாற்பது பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் வெயில் காய்ந்த கல்தரை, பழக்கமில்லாத கால் சுடும். பருத்திக் காலுறை நூறு ஜோடி வாங்கி வையுங்கள். பேருந்தின் முதல் படி உயரம், அதனடியில் போட ஒரு உறுதியான முக்காலி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். கழிப்பறை: 40 பேர், ஆளுக்கு 3 நிமிடம். இரண்டு அறை இருந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே போயிற்று, ஆறு இருந்தால் 20 நிமிடம். மேற்கத்திய வகை, காகிதம், சோப்பு, உள்ளே கொக்கி. தக்கலைப் பக்கம் சாப்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் மண்டபத்தில் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

விற்பனைக்கு வைப்பதிலும் யோசனை வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தை அங்கேயே தின்னக் கொடுங்கள், கட்டிக் கொடுக்காதீர்கள். பழத்தையும் வீட்டுச் சமையலையும் கப்பல் வாசலிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். அரிவாள், கத்தி வகையும் எக்ஸ்ரேயில் மாட்டும். காய்ந்த கிராம்பு, மூடி முத்திரையிட்ட மார்த்தாண்டம் தேன் ஆகியவற்றுக்குப் பொதுவாகச் சிக்கல் குறைவு. வெளிநாட்டுக்காரரிடம் கியூஆர் அட்டையை நீட்டிப் பயனில்லை. அட்டை தேய்க்கும் கருவியும் சில்லறையும் வேண்டும்.

சாலை. பாலராமபுரம் முதல் களியக்காவிளைவரையும், குழித்துறையிலும்தான் நேரம் கரையும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சந்தை நெரிசல் தெரியாது. மாசி சிவராத்திரியன்றும் முந்தின நாளும் கப்பலை ஏற்கவே கூடாது. பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப்போய் வழிபடும் சிவாலய ஓட்டக்காரர்கள் விளவங்கோடு, கல்குளம் சாலை முழுக்க இருப்பார்கள், அவர்களுக்கே வழி. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சுவாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் போவதும் இதே வழியில்தான். கப்பல் பருவம் நவம்பருக்கு முன்பே தொடங்கினால் அதோடு முட்டாமல் பாருங்கள்.

அடுத்து அனுமதி. கேரளப் பதிவுப் பேருந்துக்கு அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இருக்க வேண்டும், இல்லையென்றால் தற்காலிக அனுமதியும் வரியும் முந்தின நாளே இணையத்தில் கட்டியிருக்க வேண்டும். எல்லோரும் மறப்பது மாற்றுப் பேருந்தை. ஐந்தில் ஒன்று பழுதானால் உதவிக்கு வரும் வண்டிக்கும் அதே தாள்கள் வேண்டும். அதைப் பாறசாலையில் நிறுத்தினால் எல்லைக்கு அந்தப்பக்கம் தங்கிவிடும், குழித்துறையில் நிறுத்துங்கள்.

யார் நடத்துவது என்ற கேள்விக்கு அலாஸ்காவின் ஹூனாவைப் பாருங்கள். 1912இல் தொடங்கிய பழைய சால்மன் மீன் ஆலையை அந்த ஊர் டிலிங்கிட் பழங்குடி மக்களின் நிறுவனமே 2004இல் ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட் என்ற கப்பல் நிறுத்தமாகத் திறந்தது. முதல் பன்னிரண்டு ஆண்டு டெண்டர் படகில்தான் ஆட்கள் இறங்கினார்கள், கப்பலை நேரே அணைத்து நிறுத்தும் மேடை 2016இல்தான் வந்தது. கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்று முதலில் கற்றுக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர். கூட்டம் தாங்காமல், ஒரு நாளைக்கு ஆயிரம் பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று 2022இல் ஊர்க்காரர்களே வாக்களித்தார்கள். நமக்கு 200 என்ற எண்ணை அரண்மனைப் படிக்கட்டே சொல்லிவிட்டது. அதைத் தாளில் எழுதி இரண்டு மாநிலத்தாரும் கையெழுத்திடுங்கள். வழிகாட்டி தமிழரா மலையாளியா என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கோடிகள் எதுவும் கேட்கவில்லை. வரும் டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கப்பல் இல்லாமலே, ஐந்து பேருந்தை விழிஞ்ஞம் வாசலிலிருந்து காலை 9 மணிக்கு விடுவோம். ஒவ்வொன்றிலும் அறுபது வயதைக் கடந்த 40 உள்ளூர்க்காரர்கள். அரண்மனை, சாப்பாடு, கழிப்பறை, திரும்பல் எல்லாவற்றுக்கும் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும். ஐந்தும் 4 மணிக்குள் வாசலுக்கு வருகின்றனவா பார்ப்போம். பேருந்தும் ஓட்டுநரும் வழிகாட்டிகளும் எங்கள் பொறுப்பு. அரண்மனையிடம் ஐந்து நேரப்பிரிவும் காவல்துறையிடம் ஒரு தொடர்பு அலுவலரும் வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரக் கரைச்சுற்றுலா ஒருங்கிணைப்பாளர்கள், வழிகாட்டிகள், ஓட்டுநர்கள்