விடுதிச் சாப்பாடும் சித்தி வீட்டுச் சாப்பாடும்

சேலம்,
ஜூலை 14.

அன்புள்ள ஜெயந்தி,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி. சொட்டு மருந்தை அவர் தாமே விட்டுக்கொள்ளப் பார்ப்பார், அதற்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதே. இங்கே பள்ளி திறந்து வேலை சூடுபிடித்துவிட்டது; பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் இயற்பியல் இந்த ஆண்டு என் தலையில்தான் விழுந்திருக்கிறது. நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அவ்வளவு பெரிய சண்டை நடந்தபோது, அரசுப் பள்ளி ஆசிரியையான நான் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். கைபேசியில் கட்டைவிரலால் தட்டி முடிக்கக்கூடிய பதில் அன்று என்னிடம் இல்லை. காகிதத்தில் எழுதினால் ஒருவேளை வரும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கம் உனக்கும் தெரியும். நம் வகுப்புத் தோழர் ஒருவர், தம் மகன் நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதி நல்ல மதிப்பெண் எடுத்திருப்பதைப் புகைப்படத்துடன் பதிந்து, "எந்தச் சலுகையும் இல்லாமல், முழுக்க முழுக்க உழைப்பால்" என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் பூங்கொத்துப் படங்களோடு அந்த மாலை முடிந்திருக்கும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை ஒருவர் இழுத்தார். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டை இன்னொருவர் இழுத்தார். யாரோ "ப்ரிவிலேஜ்", அதாவது பிறப்பாலும் குடும்பத்தாலும் தானாகக் கிடைக்கும் அனுகூலம், என்று எழுத, அதன்பின் நள்ளிரவுவரை நடந்தது விவாதமல்ல, யார் அதிகம் கஷ்டப்பட்டவர் என்ற போட்டி. ஒருவர் தெருவிளக்கில் படித்தார், ஒருவர் செருப்பில்லாமல் நடந்தார், இன்னொருவர் தம் மனைவிக்கே தெரியாத வறுமைகளையெல்லாம் அன்று அவிழ்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மறுநாள் அவற்றில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டிருந்தன.

நான் கேலி செய்வதாக எண்ணாதே. அந்தக் கதைகளில் பெரும்பாலானவை உண்மை. மகனைப் பற்றி எழுதிய அந்தத் தோழரின் அப்பா, நாம் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இறந்துபோனார். அதன்பின் அந்தத் தோழர் லீ பஜாரில் ஒரு மண்டியில் மாலை நேரங்களில் கணக்கு எழுதித்தான் பட்டப்படிப்பை முடித்தார். அதை நேரில் பார்த்தவர்கள் நாம். அப்படிப்பட்டவரிடம் போய் "உனக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்தது" என்றால் அவருக்குக் கோபம் வருவது நியாயமே. கஷ்டப்பட்டவர் என்பதும், உதவி பெற்றவர் என்பதும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் பொருந்தக்கூடிய இரண்டு செய்திகள். ஆனால் அந்தக் குழுவில் ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுப்பதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. எந்த உதவி உதவியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, எது தெரிவதில்லை என்பதுதான். நீ ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தாய். உதவித்தொகை வந்ததும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, நடந்துகொண்டிருக்கும் வகுப்பை நிறுத்தி, பெயர்களை உரக்கப் படிப்பார். நீயும் மற்றவர்களும் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். அப்போது வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். நான் அதே மூன்று ஆண்டுகளும் அம்மாபேட்டையில் என் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். வாடகையும் இல்லை, சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. நான் படிக்க வேண்டும் என்பதற்காகச் சித்தியின் பிள்ளைகள் இருவரும் கூடத்தில் படுத்துக்கொண்டு எனக்கு உள்ளறையைக் கொடுத்தார்கள். மதியத்துக்கு எனக்கென்று தனியாக ஒரு டிபன் பாக்ஸ். கணக்குப் போட்டால், உனக்கு அரசு செய்த செலவைவிடச் சித்தப்பா எனக்குச் செய்த செலவு கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் உங்கள் விடுதியின் சாம்பாரை நானும் ஒருநாள் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் பெயரை யாரும் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் படிக்கவில்லை. அதனால் இன்றும் நம் வகுப்பாருக்கு நீ "சலுகையில் படித்தவள்", நான் "சொந்தமாகப் படித்தவள்".

அந்தப் பையனின் வெற்றியையும் இப்படித்தான் பார்க்கிறேன். பையன் கெட்டிக்காரன், உழைத்திருக்கிறான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு முழு ஆண்டு வேறெந்தக் கல்லூரியிலும் சேராமல், வேலைக்கும் போகாமல், லட்சத்தைத் தாண்டும் கட்டணத்தில் பயிற்சி மையத்தில் படிப்பதற்கு ஒரு வீடு பின்னால் நிற்க வேண்டும். நீட் தேர்வின் விளைவுகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில், மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12 சதவீத அளவில் இருந்து, 2020-21-இல் 71 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியிருந்தார்கள். அதாவது, அந்த ஓராண்டை வாங்கித்தர முடிகிற குடும்பம் எது என்ற கேள்வி, தேர்வு அறைக்கு வெகு தொலைவிலேயே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. என் மாணவி ஒருத்தி முதல்முறை நாற்பது மதிப்பெண் குறைவால் இடம் இழந்தாள்; நன்றாக வரக்கூடியவள். இன்னொரு முறை எழுது என்று நான் சொன்னபோது அவளுடைய அப்பா என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "டீச்சர், அடுத்த வருசம் இவ தம்பி ப்ளஸ் டூ" என்றார். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள்.

7.5 சதவீதம் என்று குழுவில் அடித்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும் என்பதே எனக்கு ஐயம். 2020-இல் நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்று பரிந்துரைத்ததை அரசு 7.5 ஆக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் படித்ததோடு நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்குத்தான் அது. தேர்வே எழுதாமல் உள்ளே போகிறார்கள் என்பது போலப் பேசுவது பொய். அந்த முதல் ஆண்டில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்குமாகச் சுமார் 400 இடங்கள் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பிள்ளைகள் ஒரே ஆண்டில் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை.

69-ஐப் பற்றி எழுதியவர்தான் எனக்கு அதிக வியப்பைத் தந்தார். அந்த 69-இல் 50, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கானது. 18 பட்டியல் சாதியினருக்கு, 1 பழங்குடியினருக்கு. எழுதியவர் கையிலும், அதற்குக் கைதட்டல் படம் போட்டவர்கள் கையிலும், என் கையிலும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதை இணைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் "கோட்டா" என்று ஒருவர் எழுதியதும் குழுவில் இருக்கும் அத்தனை பேருடைய கண்ணும் உன் பக்கம்தான் திரும்புகிறது. இதை நான் உனக்கு எழுதுவதே அதிகப்பிரசங்கம். பெரம்பூரில் நீ வீடு தேடியபோது, வங்கி அதிகாரி என்ற அடையாள அட்டையைக் காட்டிய பிறகும், "சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு" என்று கேட்டுவிட்டு, வீட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்களே, அந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை ஒரு வீட்டுக்காரரும் கேட்டதில்லை. எனக்கு நடக்காமல் போனவற்றின் பட்டியலை நான் எங்கே போய் வாங்குவது? நடந்த கஷ்டங்கள் எனக்கு மனப்பாடம். நடக்காதவை உன்னைப் போன்ற ஒருத்தி சொன்னால் மட்டுமே தெரிகின்றன.

இலவசங்களைப் பற்றி அடுத்த நாள் ஒரு ஃபார்வர்ட் வந்ததே, அதற்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போவதையும், 2023 முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருவதையும் "ஓசி" என்று எழுதியிருந்தார்கள். நீ வங்கிக்காரி, உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதில் மிஞ்சுவது 60,000 ரூபாய். உரிமைத் தொகை ஆண்டுக்கு 12,000. ஐந்து மடங்கு பெறுகிறவரை "திட்டமிட்டுச் சேமிப்பவர்" என்கிறோம். அவரும் அரசிடமிருந்துதான் பெறுகிறார், படிவமும் நிரப்புகிறார். ஆனால் குடும்ப அட்டையோடு முகாமில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. என் கணவரும் பல ஆண்டுகள் அதைக் கழித்தவர்தான், எங்கள் வீட்டில் அதை யாரும் ஓசி என்று சொன்னதில்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் எழுதாததற்குக் காரணம், மறுபக்கத்தில் நின்றவர்களின் பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. "உன் ப்ரிவிலேஜைச் சரிபார்" என்று ஒரு மனிதரின் முகத்தில் எறிந்தால், அவர் உடனே தம் அப்பாவின் சாவை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறார். அதன்பின் அவரிடமிருந்து ஒரு செய்தியும் கிடைக்காது. "அந்த ஓராண்டுப் பயிற்சிக்கு எவ்வளவு ஆயிற்று, எங்கே தங்கினான், யார் சமைத்துப் போட்டார்கள்" என்று கேட்டால் அவரே பெருமையோடு எல்லாவற்றையும் சொல்வார். நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டு அப்படித்தான் கேட்டேன். பையன் நாமக்கல்லில் விடுதியில் இருந்ததையும், மனைவி தம் நகையை அடகு வைத்ததையும், மைத்துனர் பாதிக் கட்டணம் கொடுத்ததையும் அரைமணி நேரம் சொன்னார். சொல்லிவிட்டு, "மச்சான் இல்லன்னா முடிஞ்சிருக்காது, வாசுகி" என்றார். இதைக் குழுவில் எழுதுங்களேன் என்றேன். சிரித்து மழுப்பிவிட்டார். மைத்துனரை நாயகனாக்கிப் பதிவு போட யாருக்கு மனம் வரும்?

இன்னொருவரையும் நீ கவனித்திருக்க மாட்டாய். இரண்டாம் ஆண்டிலேயே திருமணமாகிப் படிப்பை நிறுத்திய நம் பெஞ்சுத் தோழியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். நாள்தோறும் காலை வணக்கப் படம் போடுவதோடு சரி. அவள் பட்ட கஷ்டம் மண்டியில் கணக்கு எழுதியதைவிடக் குறைந்ததல்ல. ஆனால் முடிவில் ஒரு பட்டமோ பதவியோ இல்லாத கஷ்டத்தை அங்கே யாரும் எழுதுவதில்லை, எழுதினால் என்ன படம் போட்டுப் பதில் சொல்வது என்றும் யாருக்கும் தெரியாது.

இனி ஒரு வேண்டுகோள். போன ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மாணவி ஒருத்திக்கு 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அப்பா விசைத்தறி ஓட்டுபவர்; அம்மாவும் பெண்ணும் சென்னையைப் பார்த்ததே இல்லை. கலந்தாய்வை நேரில் நடத்துவதாக அறிவித்தால் இரண்டு இரவு உன் வீட்டில் தங்க முடியுமா? அம்மாவின் கண்ணுக்குத் தூசியும் கூட்டமும் ஆகாதென்றால் தயங்காமல் சொல், வேறு இடம் பார்க்கிறேன். சான்றிதழ்களின் அசல், நகல் எல்லாம் நான் இங்கேயே அடுக்கிக் கொடுத்துவிடுவேன். சென்ட்ரலில் இறங்கியதும் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்று மட்டும் விவரமாக எழுதி அனுப்பு, அந்த அம்மாவுக்குக் கைபேசியில் வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை.

அன்புடன்,
வாசுகி