தாத்தா போட்ட கையெழுத்து

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ பேசி நான்கு ஞாயிறுகள் ஆகிவிட்டன. ஆண்டிறுதித் தாள் திருத்தும் காலம் எப்படிப்பட்டது என்று முப்பத்தொரு ஆண்டுகள் அந்த வேலையையே செய்த எனக்குத் தெரியும். ஆதலால் நான் குறை சொல்லவில்லை. அம்மாதான் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கடிதம் உன் சமையலறை மேசையில் திறந்து கிடந்தாலும் அந்த வீட்டில் உன்னைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. பேரன்களுக்கு எழுத்துச் சொல்லித் தராமல் விட்டது உன் குற்றமா என் குற்றமா என்ற பேச்சு இப்போது வேண்டாம்.

பிப்ரவரியில் நீ அனுப்பிய உன் பள்ளியின் பாராட்டுப் புள்ளிக் கையேட்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, பிளேசர் கோட்டில் தைக்கும் பாராட்டுப் பட்டைகளில் எத்தனை புள்ளிக்கு ஹாஃப் கலர்ஸ், எத்தனைக்கு ஃபுல் கலர்ஸ் என்று நீயும் உன் குழுவினரும் வகுத்திருக்கும் அந்தப் பட்டியலில் ஓர் ஓட்டையைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் காலத்தில் தலைமை ஆசிரியருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவனுக்குத்தான் பிளேசரில் பட்டை தைப்பார்கள். 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் எங்கள் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியபோது, இனிப் பிள்ளைகளை எதைக் கொண்டு அடக்குவது என்று ஆசிரியர் அறையில் மிகவும் உரக்க முணுமுணுத்தவன் நான்தான். நல்லதுக்கு மெரிட், கெட்டதுக்கு டீமெரிட் என்று தாள்கள் வந்தபோது அது கடைக்காரன் கணக்கு என்று சிரித்தேன். நீ அந்தக் கணக்கை நேர்மையானதாக ஆக்கிக் காட்டியிருக்கிறாய். கோயில் குழுவில் எல்லோரிடமும் அந்தக் கையேட்டைக் காட்டினேன். என் மகள் எழுதியது என்று சொன்னேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தவறாக எண்ணாதே. பள்ளி விட்டதும் பலரோடு சேர்ந்து போகும் டாக்சியைப் பிடிக்க ஓட வேண்டிய பிள்ளை பிற்பகல் பயிற்சிக்கு எப்படி நிற்பாள்? வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குச் சோறு ஊட்டுகிறவளுக்கு அந்தச் சோற்றுக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள்? சான்றிதழ் உள்ள உழைப்புக்கு மட்டும் புள்ளி என்றால், சான்றிதழ் தரக்கூடிய பெரியவர்கள் சூழ்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே அது போய்ச் சேரும். விதியை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எழுதி வைக்காத உழைப்பை எப்படி எண்ணுவது என்று என்னைக் கேட்டால் எனக்கும் விடை தெரியாது.

இதைச் சொல்வதற்காக நான் எழுதத் தொடங்கவில்லை.

மாப்பிள்ளை பேசினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அம்மா துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னார். சின்னவனுக்கு 94 புள்ளிகள் இருந்தனவாம். ஃபுல் கலர்ஸுக்கு நூறு வேண்டுமாம். ஜூலை விடுமுறையில் இங்கே வந்திருந்தபோது மாரியம்மன் ஆடிக் கூழுக்காக அவன் கோயில் சமையற்கூடத்தில் உழைத்த இருபது மணி நேரத்தைச் சேர்த்திருந்தால் பத்துப் புள்ளி கூடியிருக்குமாம். அந்தத் தாளை நீயே திருப்பி அனுப்பிவிட்டாயாம், கையெழுத்துப் போட்டவர் மாணவனின் தாத்தா என்ற காரணத்தால். பரிசளிப்பு விழா இரவிலிருந்து அவன் அறையிலேயே சாப்பிடுகிறானாம்.

கோயில் செயலாளர் என்ற முறையில்தான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ன என்று அந்தத் தாளில் கேட்கவில்லை. அவனுடைய இருபது மணி நேரத்தை நான் கண்ணால் பார்த்தவன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மீலி என்கிற மக்காச்சோள மாவு அடிப்பிடித்த அந்தப் பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு சுரண்டினான். ஆயாக்கள் எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். புள்ளிக்காகத்தான் வந்தான் என்பதையும் மறைக்கப் போவதில்லை. முதல் நாளே தாளைக் கையில் வைத்திருந்தான். மூன்றாம் நாள் அதை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, பிறகு கேட்கவே இல்லை. ஊருக்குப் புறப்படும் நாளில் நான்தான் நினைவுபடுத்தினேன். கையெழுத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வரவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அவனிடம் அப்படியே சொல்.

நீ செய்தது சரியா என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். சரிதான் என்றேன். சொல்லிவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

1989ஆம் ஆண்டு நீ எட்டாம் ஸ்டாண்டர்டில், இப்போதைய பத்தாம் கிரேடில், என் வகுப்பில் இருந்தாய். ஆண்டிறுதிக் கணக்குத் தாளில் வட்டத்து நாண்களைப் பற்றிய ஒரு நிறுவல் கேள்விக்கு ஆறு மதிப்பெண். விடைக்குறிப்பில் இருந்த வழியை விட்டுவிட்டு நீ வேறொரு கோடு வரைந்து, வேறு வழியாகப் போயிருந்தாய். நான் இரண்டு மதிப்பெண் போட்டேன். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் முதல் பரிசு இன்னொரு பிள்ளைக்குப் போயிற்று. அன்றிரவு நீ, “அப்பா, என் வழி தப்பா?” என்று கேட்டாய். “குறிப்பில் இல்லை” என்று சொன்னேன். தப்பு என்று சொல்லவில்லை என்பதை அப்போதும் கவனித்தே சொன்னேன்.

வாத்தியார் மகள் என்பதால்தான் முதலாவதாக வருகிறாள் என்று அந்த ஆண்டு முழுவதும் ஆசிரியர் அறையில் பேச்சு இருந்தது. உன் தாளைத் திருத்தும்போது அந்தப் பேச்சுதான் என் காதில் இருந்ததே தவிர, உன் நிறுவலை நான் கடைசி வரி வரை படிக்கவே இல்லை. ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன் அதை எடுத்துப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். அது சரி. குறிப்பில் இருந்ததைவிட இரண்டு வரி குறைவு. ஆறு மதிப்பெண்ணும் உனக்குரியவை, பரிசும் உனக்குரியது. தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதும். நான் போகவில்லை. திருத்தினால் மகளுக்காகத் திருத்தினான் என்பார்களே என்று பயந்தேன். அதை நேர்மை என்று இத்தனை ஆண்டுகள் எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

பிறகு நீ கணக்கை எளிய நிலையான ஸ்டாண்டர்டு கிரேடுக்கு மாற்றிக்கொண்டாய். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஹயர் கிரேடில் ஏ வாங்கினால் எட்டுப் புள்ளி, ஸ்டாண்டர்டில் ஏ வாங்கினால் ஆறு என்று உன் தம்பி சொல்லிப் பார்த்தான்; நீ கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு கல்விக் கல்லூரிக்குப் போய் வரலாற்று ஆசிரியையாக வந்தாய், நல்ல ஆசிரியையாக வந்தாய். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நீ சொன்னால் நம்புவேன்.

நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்று என்று சொல்லவில்லை. உன்னிடம் ஒரு விதி இருந்தது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே வைத்தாய். ஆனால் அந்தத் தாளில் இருந்தது வேறொரு பிள்ளையின் தாத்தா கையெழுத்தாக இருந்திருந்தால், கோயில் குழுவில் வேறு ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கி வா என்று ஒரு வாரம் தவணை கொடுத்திருப்பாயா, இல்லையா? இதை எனக்கு எழுத வேண்டாம். உனக்கே தெரிந்தால் போதும்.

அவனுக்கு அடுத்த ஆண்டு மெட்ரிக், பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வு. பல்கலைக்கழகத்தில் பிளேசர்ப் பட்டையைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. எண்பது விழுக்காட்டுக்கு ஏழு, எழுபதுக்கு ஆறு என்று ஆறு பாடங்களின் நிலைகளைத்தான் பெரும்பாலும் கூட்டுகிறார்கள். வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷனைக்கூடப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். இதை அவனிடம் ஆறுதலாகச் சொல்லிவிடாதே. 1989இல் “பரிசுதானே” என்று நான் உன்னிடம் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அவனோடு உட்கார்ந்து சாப்பிடு. புள்ளியைப் பற்றிப் பேசாமல் சாப்பிடு. அவன் அறையில் சாப்பிட்டால் நீயும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போ.

உன் அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. பள்ளியில் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், பழைய மதிப்பெண் பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது. நீ வரும்போது தருகிறேன். சின்னவனிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். காட்டினால் யார் திருத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்.

டிசம்பரில் எந்தத் தேதியில் புறப்படுகிறீர்கள் என்று தெரிவி. அவன் மட்டும் முன்னதாக பஸ்ஸில் வருவதானாலும் சரி. டர்பன் நிலையத்துக்கு உன் தம்பியைக் காருடன் அனுப்புகிறேன். இன்று இரவு அம்மாவுக்கு ஒரு தடவை போன் செய்.

இப்படிக்கு,
அப்பா