இரண்டு மரக்கால்

நாகர்கோவில்,
ஐப்பசி கடைசி.

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் பேனாவால் எழுதித் தபாலில் போடுகிற ஆள் நீ ஒருத்தன்தான். எழுதினதில் முக்கால்வாசி உலகம் கெட்டுப்போன கதை. மீதி உன் சர்க்கரை அளவு. இரண்டுமே ஏறிக்கொண்டுதான் போகிறது போல.

முதலில் ஊர் விசேஷம். எனக்குக் கண்ணில் புரை எடுத்தாச்சு. இப்போது பேப்பரில் மரண அறிவிப்பு எல்லாம் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது, அது ஒன்றுதான் வருத்தம். வீட்டில் அவளுக்கு முட்டுவலி, மாடி ஏறுவதில்லை. மழை விட்டபாடில்லை. பழையாறு கரை தொட்டு ஓடுகிறது. கும்பப்பூ நெல் நட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரப்பு வழியாக வருவோமே, அந்த வயல்களில் பாதி இப்போது பிளாட்டு. கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறான்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்தில் வாக்குதான் பத்திரம். எங்க பாட்டா எழுத்துக் கிடையாது, சாட்சி கிடையாது, கோட்டைக் கணக்கில் நெல் கடன் கொடுத்தார். ஒருத்தன் ஏமாற்றினதில்லை" என்று எழுதியிருக்கிறாய். ஒருத்தனும் ஏமாற்றவில்லை என்பது சத்தியம். வாங்கினவர்களில் என் அப்பாவும் ஒருத்தர், அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

உங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் நெல் அளக்கிற இரண்டு மரக்கால் கிடக்குமே, ஓர்மை இருக்கா? ஒன்று பித்தளைப் பூண் போட்டது, இன்னொன்று வெறும் மரம். நாம் இரண்டையும் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்து பஸ் ஓட்டியிருக்கிறோம். பூண் போட்டது குத்தகை நெல் வாங்கவும் கடன் நெல் திரும்ப அளக்கவும். வெறும் மரம் கூலி கொடுக்கவும் கடன் கொடுக்கவும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கைப்பிடி, ஒன்றரைக் கைப்பிடி என்பார் அப்பா. களத்தில் அளக்கிறவர் "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று முதல் மரக்காலைத் தொடங்குவார். அப்பா தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து நிற்பார். கேட்டால் மறு அறுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அதே பாட்டாதான், 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றுபோனபோது பத்தாயத்தைத் திறந்துவிட்டவர். அப்போது நம் ஊர் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுக்க மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. நெல்லுக்கு வியாபாரி என்ன விலை சொன்னாலும் கொடுக்காமல், தெருவில் வீடுவீடாக அளந்து போட்டாராம். எந்த மரக்காலால் என்று அப்பா சொன்னதில்லை. "அன்னைக்கு அளந்தது தாராளமான கை" என்பார். அந்த மனுஷரும் இந்த மனுஷரும் ஒருத்தர்தான். நீ ஒரு பாட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருத்தரை மறந்துவிட்டாய்.

என் வேலையை "படிக்கல் போலீஸ்" என்று நீ கேலி பண்ணுவாய். கடைத் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற முத்திரை ஆய்வருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த 1956-ஆம் வருஷமேதான் மெட்ரிக் சட்டமும் வந்தது. நாழியும் ராத்தலும் போய் லிட்டரும் கிலோவும் ஏறி உட்கார்ந்தன. நான் வேலைக்குச் சேரும்போது சந்தையில் எல்லாம் இரும்பு எடைக்கல். அந்தக் கல்லுக்கு ஒரு குழி உண்டு. அதில் ஈயம் ஊற்றி, ஈயத்தின் மேல் முத்திரை அடிப்போம். சில பேர் ஈயத்தை நோண்டி எடுத்துவிட்டு மெழுகை அப்பிக் கறுப்படித்து வைத்திருப்பார்கள். படியின் அடித்தகட்டை உள்பக்கமாகத் தட்டி மேடாக்குவது இன்னொரு வித்தை. தண்ணீர் ஊற்றி அளந்தால்தான் பிடிபடும். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது சின்னப் பையன்கள் வேலை. இதையெல்லாம் செய்தவர்கள் யார்? நெற்றி நிறைய திருநீறோ, கல்லாவுக்கு மேலே இயேசு படமோ இல்லாத கடையை நான் பார்த்ததில்லை. எல்லாரும் உன் பொற்காலத்தில் பிறந்து, பெரியவர்கள் காலில் விழுந்து வளர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நல்ல மனுஷர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. நான் போகவில்லை, போனால் அடுத்த மாதம் தராசைத் தொட முடியாது.

ஒரு விஷயத்தில் நீ சொல்வது சரி. அதை மறைத்தால் நானும் குறைத்து அளந்தவன் ஆவேன். அந்த நாளில் கடைக்காரனைப் பிடித்தால் முகம் வெளிறிப்போகும். "சார், அபராதம் எவ்வளவு வேணும்னாலும் போடுங்க, தராசை மட்டும் தெரு வழியா எடுத்துட்டுப் போவாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வான். சர்வீஸின் கடைசி வருஷங்களில் அது இல்லை. மின்னணுத் தராசு, ஏசி கடை. "எவ்வளவு சார்? ரசீது போடுங்க" என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் ஒருத்தன். கரண்டு பில், வாடகை, அபராதம் எல்லாம் அவனுக்கு ஒரே நோட்டில்தான். நேர்மை குறைந்ததா கூடினதா என்று எனக்கு அளக்கத் தெரியாது. வெட்கம் குறைந்தது, அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்த வெட்கமும் யாருக்கு முன்னால் என்று பார்க்கணும் இல்லையா? தராசைத் தெரு வழியாகக் கொண்டுபோகாதே என்று கெஞ்சின ஆள், தெருக்காரர்களுக்கு முன்னால்தான் கூசினான். பேச்சிப்பாறை மலையிலிருந்து பழங்குடிக் காணிக்காரர்கள் தேனும் நல்லமிளகும் சுமந்துகொண்டு இறங்கி வருவார்களே, அவர்களுக்குக் குறைத்து நிறுத்தபோது அவனுக்கு ஒரு கூச்சமும் வந்ததில்லை. "அவனுகளுக்கு என்ன சார் தெரியும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். அப்பாவுக்கு அளந்த மரக்காலும் அதே வகைதான். கேட்க முடிகிறவனுக்கு ஒரு அளவு, கேட்க முடியாதவனுக்கு ஒரு அளவு. நீ சொல்கிற அந்த வாக்குச் சுத்தம் வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. வெளியே நின்றவன் அந்தக் காலத்தைப் பற்றிக் கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மரியாதை போச்சு என்றும் எழுதியிருக்கிறாய். 1936 நவம்பர் 12-ஆம் தேதி எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற கோயில் பிரவேச விளம்பரம் வந்தபோது அப்பாவுக்குப் பதினாலு வயசு. அதற்குப் பிறகுதான் சுசீந்திரம் கோயிலுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தார். அதுவரைக்கும் தெப்பக்குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. உள்ளே போய் அந்தப் பெரிய அனுமாரைப் பார்த்துவிட்டு வந்தவர், "இவ்வளவு பெரிய ஆளை நமக்குக் காட்டாம எப்பிடிலே மறைச்சு வச்சானுக" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அதே சுசீந்திரத்தில் கைமுக்கு என்று ஒன்று இருந்ததும் உனக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும், வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது நின்றது. வாக்கே பத்திரமாக இருந்த ஊரில் எதற்கு நெய்யைக் காய்ச்சினார்கள் என்று ஒருநாள் உன்னிடம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது. சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள்வழியில், குடும்பத் தலைவரான காரணவர் சொத்தைச் சுருட்டிக்கொண்டு, தாலி கட்டின பெண்ணும் பிள்ளைகளும் தெருவில் நின்றதைத் தேரூர்க் கவிமணி பாடி வைத்திருக்கிறார். 1926-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. உன் அம்மா அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவை எடுத்துக்காட்டியிருக்கிறாய். பூதப்பாண்டிக்காரர், குடிசையில் வாழ்ந்தவர், கையில் காசு தங்காதவர், எல்லாம் சரி. ஆனால் தீண்டாமையை எதிர்த்துத்தானே அந்த மனுஷர் ஊரில் தொடங்கினார்? அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பார்த்து "காலம் கெட்டுப்போச்சு" என்றுதான் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை எழுதும்போதே எனக்கும் ஆத்திரம் வருகிற இடங்கள் உண்டு. ஓட்டுக்குத் துட்டு வாங்குவதைக் குறையாக வாங்கினவன்தான் மறைக்கிறான், முழுசாக வாங்கினவன் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குச் சொல்கிறான். நம் பக்கத்தில் சீட்டுக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இழுத்தபோது, மகள் கல்யாணத்துக்கு என்று ரப்பர் வெட்டிச் சேர்த்த பணத்தை விட்டவர்கள் எத்தனை பேர்! அதில் பணம் போட்டதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கேள்: "பழைய குடும்பம் சார், கோயிலுக்கு எல்லாம் செய்றவங்க." அதே சமயம் என் மருமகள் இருக்கிற மகளிர் குழுவில் வாரம் தவறாமல் நோட்டைத் திறந்து வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வரவு செலவு வாசிக்கிறார்கள். கேள்வி கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சந்தேகப்பட்டுக் கேட்பதை அவமரியாதை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பெண்கள் அதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார்கள்.

நீ கேட்ட கருப்பட்டிக்கு வருகிறேன். கடைக் கருப்பட்டியில் சீனி கலக்கிறான்கள் என்று திட்டியிருக்கிறாய். கலக்கத்தான் செய்கிறார்கள். உடைத்தால் உள்ளே மினுமினுக்கும், பல்லுக்குக் கல்லாக நிற்கும். ஆனால் பனையேறுகிற ஆள் எங்கே இருக்கிறார்? காலையும் மாலையும் ஏறி இறங்கி, பாளை சீவி, அக்கானி என்கிற பதநீர் இறக்கி, விறகு வாங்கி, வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வெந்து காய்ச்சுகிற பண்டம். கலப்பில்லாதது என்று நியாயமான விலை சொன்னால், சீனி விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவனும் சேர்ந்துதான் அதில் சீனியைக் கலக்கிறான். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். அதற்காகப் பாட்டிலில் இருப்பது தேனா பாகா என்பதைக் குறியீடு வந்து நக்கிப் பார்க்கப் போவதில்லை. என் பழைய இலாகா ஆட்கள் மாதிரி யாராவது நடந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

உனக்கு வேண்டிய கருப்பட்டியை ஈத்தாமொழிப் பக்கம் ஒரு பனையேறி வீட்டில் போன சீசனிலேயே வாங்கிப் பரணில் ஓலைக் கொட்டானில் வைத்திருக்கிறேன். அவர் சொன்ன விலையைக் கொடுத்தேன். நீ எனக்குக் கொடுக்க வேண்டியதும் அதுதான், குறைக்காதே.

மார்கழித் தேருக்கு வருவதாகப் போன வருஷமும் எழுதினாய். இந்த வருஷமாவது டிக்கெட்டைப் போடு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்றால் ஜங்ஷனில் இறங்கிவிடு, நான் பையனை வண்டியோடு அனுப்புகிறேன். இன்சுலின் ஊசியை மறக்காமல் எடுத்து வா. போன தடவை ராத்திரி பதினோரு மணிக்கு மெடிக்கல் ஸ்டோர் தேடி அலைந்தது போதும். உன் வீட்டுப் பழைய சாமான்களில் அந்தப் பூண் போட்ட மரக்கால் இன்னும் இருந்தால் அதையும் கொண்டு வா. தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிடுவோம்.

உன்
பழைய சேக்காளி